எர்ன்ஸ்டின் கல்லை எடுத்த நாள்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களோடு கொஞ்ச நேரம் கதைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தேவாலயத்துக்கு எப்போது சூடு போடுவது, எந்த மணிக்கு எந்தப் பொத்தான், விரிப்பில் சிந்தின மெழுகை எப்படி எடுப்பது என்பதெல்லாம் முதல் குளிர்காலம் முடிய உங்களுக்கே கைவந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். ஆனால் எப்படியும் ஒரு நாள் வரும். போதகர் ஊரில் இருக்க மாட்டார். சபைத் தலைவர் வந்துகொண்டிருப்பார். வாசலில் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். உங்கள் கையில் கதவுத் திறப்புக் கொத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. அந்த நாளைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும். எனக்கு அது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதத்தில் வந்தது.

நான் சிக்றிஸ்டாக இருந்தது சுவிஸில், எம்மென்டால் மலைகளுக்குள் ஒரு சின்னக் கிராமத்தில். தேவாலயத்தையும் அதைச் சுற்றிக் கல்லறைகள் இருக்கிற சவக்காலையையும் பார்த்துக்கொள்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அகதிகளாக வந்த எங்களைப் பழைய பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் இருத்தினார்கள். என் கணவருக்கு சீஸ் செய்யும் இடத்தில் வேலை கிடைத்தது. என்னைச் சனிக்கிழமைகளில் தேவாலயம் கூட்டக் கூப்பிட்டார்கள். அதுவரை சிக்றிஸ்டாக இருந்த விவசாயிக்கு முதுகு ஏலாமல் போக, அவருடைய திறப்புகள் என்னிடம் வந்தன. சும்மா வரவில்லை. "அவ எங்கட சமயம் இல்லையே" என்று பங்குச்சபையில் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்போது போதகராக இருந்தவ ஒரு பெண், என்னிலும் இளையவ. "கதவு திறக்கிறதுக்குச் சமயம் தேவையில்லை. விடியக் காலமை எழும்பினாப் போதும்" என்று சொன்னாவாம். அப்படித்தான் வீட்டில் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து, புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தச் சபையின் கதவைத் திறக்கிறவளாக நான் ஆனேன்.

சின்னப் பங்கு அது. சனி பின்னேரம் மணி அடித்தால் வயலில் நிற்கிறவர்கள் உழவு இயந்திரத்தை வீட்டுப் பக்கம் திருப்புவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆண்கள் வாசல் படலையடியில் நின்று பால் விலையும் மழையும் கதைப்பார்கள். பெண்கள் உள்ளே கோப்பி ஊற்றுவார்கள். அறுவடை நன்றிப் பெருநாளுக்குப் பூசணிக்காயும் வீட்டில் சுட்ட பாணும் பீடத்தடியில் குவியும். பெயர் வைப்பது, கலியாணம், சாவு எல்லாம் என் கையால்தான் கடந்து போகும். என் பெயரின் பின்பாதியைச் சொல்ல வாய் வராமல் எல்லாரும் "ஃபிராவ் சிவா", அதாவது திருமதி சிவா, என்றார்கள். நானும் அதற்குப் பழகிவிட்டேன்.

பழகாமல் இருந்தது அவர்களுடைய செத்த வீடு. முதலில் சவக்காலையில் பெட்டியை இறக்குவார்கள். போதகர் நாலு வசனம் வாசிப்பா. பிறகு எல்லாரும் ஆராதனைக்காகத் தேவாலயத்துக்குள் போய்விடுவார்கள். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வராது. யாழ்ப்பாணத்தில் செத்த வீடு என்றால் ஒழுங்கை முகப்பிலேயே கேட்கும். பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, செத்தவரின் குணங்களைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். அந்தச் சத்தத்துக்குள் நாங்களும் கரைந்துபோவோம். இங்கே முதல் முறை அந்த அமைதிக்குள் நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது.

"இந்தச் சனம் அழாதோ?" என்று போதகரிடம் கேட்டேன்.

"அழுவினம், ஃபிராவ் சிவா. மாட்டுக் கொட்டிலுக்குள்ள நிண்டு அழுவினம்" என்றா.

அது எவ்வளவு உண்மை என்று அன்னமரியைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

அன்னமரிக்கு எழுபது வயது இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம், லுட்சேர்ன் மாநிலத்துக் கத்தோலிக்க வீட்டுப் பெண். இளம் வயதில் எங்கள் கிராமத்துப் பெரிய பண்ணை ஒன்றுக்கு வேலைக்காரியாக வந்தவ. அங்கேயே சமைத்து, பால் கறந்து, பண்ணைக்காரரின் பிள்ளைகளை வளர்த்து, கடைசியில் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லா வீட்டிலும் சனம் சரிந்து படுத்திருக்கிற நேரத்தில், சவக்காலைக்கு வருவா. தேவாலயத்துக்குள் கால் வைத்ததில்லை. நேரே எர்ன்ஸ்டின் கல்லடிக்குப் போவா.

எர்ன்ஸ்ட், அந்தப் பண்ணைக்காரரின் தம்பி. கலியாணம் கட்டாதவர். காட்டில் மரம் தறிக்கும்போது மரம் விழுந்து செத்தவர். நான் ஊருக்கு வர எவ்வளவோ காலத்துக்கு முன்னர் நடந்தது. அன்னமரி அந்தக் கல்லைத் துடைப்பா, காய்ந்த இலையைப் பொறுக்குவா, குளிரில் வெள்ளையாகப் பூக்கிற ஒரு செடியை அதன் அடியில் வளர்த்திருந்தா. "அன்னமரி அந்த வீட்டுக்கு விசுவாசமான ஆள்" என்று ஊர் சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கோடை ஞாயிறு நான் யன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டு நிற்கையில் அவ புறப்படுவதைக் கண்டேன். எழும்பி, தோட்டக் கையுறையைக் கழற்றி, கல்லின் மேல் விளிம்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெதுவாகத் தடவிவிட்டா. வெளியே போகிற ஆம்பிளையின் சட்டைக் கொலரைச் சரிபண்ணி விடுவதைப் போல இருந்தது. வேலைக்காரி எசமானின் தம்பிக்கு அப்படிச் செய்வதில்லை. நான் யன்னலை விட்டு உள்ளே தள்ளி நின்றேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, என் கணவருக்கும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் கத்தோலிக்கப் பெண்ணும் சீர்திருத்தச் சபை ஆணும் சேர்வது அந்த மலைகளில் லேசான காரியம் இல்லை என்று பிறகு அறிந்தேன். அதற்குமேல் அவ வேலைக்காரி. ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில், ஒருவருக்கும் தெரியாதது போலவே அவர்கள் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள்.

இங்கே ஒருவரைப் புதைத்தால் அந்த இடம் அவருக்கு நிரந்தரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருபது, இருபத்தைந்து வருடத்தில் கல்லை எடுத்து, நிலத்தை மட்டமாக்கி, புல் விதைத்துவிடுவார்கள். எர்ன்ஸ்டின் வரிசைக்கும் அந்த முறை வந்தது. உறவினர்களுக்கு அறிவித்தார்கள். உறவினர் என்றால் வால்ட்டர், பண்ணைக்காரரின் மகன். அப்போது பண்ணையும் அவரிடம்தான், பங்குச்சபைத் தலைவரும் அவர்தான். அளந்து பேசுகிற மனிதர். சரி என்றுவிட்டார், கல்லைத் தானே ஏற்றிக்கொண்டு போவதாகவும் சொன்னார். வரிசையின் தலைப்பில் நான் அறிவித்தல் பலகையை நட்டேன்.

அந்த ஞாயிறு அன்னமரி பலகையை வாசித்துவிட்டு, முதல் முறையாக என்னிடம் வந்தா.

"எப்ப?"

"பனி கரைஞ்சாப் பிறகு. மார்ச்சில."

"கல்லு?"

"வால்ட்டர் கொண்டு போறாராம்."

"ஓம். அது அவையின்ர கல்லுத்தானே" என்று சொல்லிவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனா.

அந்தக் குளிர்காலம் என் வீட்டிலும் ஒரு சாவு. சண்டை கிட்டவர, யாழ்ப்பாணச் சனம் முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, அப்பாவும் அயலவர்களோடு நடந்திருக்கிறார். அம்மா அதற்குச் சில வருடம் முன்பே செத்துப்போனா. அண்ணன் கனடாவில். சனநெரிசலில் அயலவர்களைத் தவறவிட்டு, வன்னிக்குள் எங்கேயோ அப்பா செத்துப்போனார். கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "வழியில ஆரோ எரிச்சதாம் தங்கச்சி. இடம் தெரியேல்லை." எரித்தது எங்கே, யார் கொள்ளி வைத்தது, சாம்பலை எந்தத் தண்ணியில் விட்டார்கள், ஒன்றும் தெரியாது. போகவும் வழியில்லை. எங்களுக்கு இருந்த அகதிப் பெர்மிட்டோடு போனால் திரும்பி வர ஏலாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அண்ணன் கனடாவில் ஐயரைக் கொண்டு கிரியை செய்தார். நான் அன்று மணிக்கூண்டுப் படிகளைக் கூட்டினேன். அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. கட்டிப்பிடித்து அழ ஒரு ஆள் இல்லாத இடத்தில் எனக்கும் சத்தம் வரவில்லை.

மார்ச் வந்தது. பள்ளத்தாக்கிலிருந்து கல் வேலைக்காரர் இருவர் சின்னக் கிண்டும் இயந்திரத்தோடு காலமையே வந்தார்கள். போதகர் ஒரு கூட்டத்துக்கு பேர்ன் நகருக்குப் போயிருந்தா. நான் வரிசையின் தொடக்கத்தைக் காட்டிவிட்டு, வாளி எடுக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வரும்போது இயந்திரம் நின்றிருந்தது.

எர்ன்ஸ்டின் கல்லடியில் அன்னமரி நின்றா. வேலை நாளில் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. கறுப்புக் கோட், கறுப்புத் தொப்பி. ஒரு கை கல்லின்மேல் இருந்தது. வேலைக்காரரில் ஒருவர், "அம்மா, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவ அவரைப் பார்க்கவில்லை. கையை எடுக்கவுமில்லை. கடைக்குப் போகிற வழியில் இரண்டு பெண்கள் படலையடியில் கூடையோடு நின்றுவிட்டார்கள். கீழே வளைவில் வால்ட்டரின் உழவு இயந்திரம் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள். அவவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் ஆறுதல் சொன்னால், ஆறுதல் சொல்ல அங்கே என்ன இருக்கிறது என்று படலையடியில் நிற்கிறவர்கள் கேட்பார்கள். வேலையை நிறுத்தச் சொல்லலாம். ஏன் என்று வால்ட்டர் கேட்பார். என்ன சொன்னாலும், ஒரு ஆயுள் முழுக்க அவ மூடிவைத்திருந்தது அந்தப் புல்லின்மேல் விரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் விட்டாலோ, அவவே இன்னும் கொஞ்ச நேரத்தில் உடைந்துவிடுவா.

நான் படலைக்குக் கேட்கும்படி சொன்னேன்: "அன்னமரி, வந்திட்டீங்களோ? நல்லது. இந்தச் செடியை சேர்ச்சுக்கு எடுத்துத் தாங்கோ எண்டு நான்தானே கேட்டனான். பிந்திப்போச்சோ எண்டு பயந்திட்டன்."

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் வேலைக்காரரிடம், "நீங்கள் வரிசையின்ர மற்றத் தொங்கல்ல இருந்து தொடங்குங்கோ. செடியின்ர வேர் அறுந்தாப் பிழைக்காது, நாங்கள் கையாலதான் எடுக்கவேணும்" என்றேன். அவர்கள் இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் சின்ன மண்வெட்டியோடு ஈர மண்ணில் முழங்கால் குத்தி இருந்தேன். நல்ல கோட்டோடு அவவும் பக்கத்தில் இருந்தா. இருந்ததும் விரல்கள் தாமாகவே மண்ணைத் தள்ளத் தொடங்கின. கைக்கு வேலை வந்துவிட்டதல்லவா.

கொஞ்ச நேரம் மண்ணைத்தான் கிண்டினோம். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டா: "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"கன காலம்."

அவ வேரைச் சுற்றியிருந்த மண்ணை விரலால் அமத்தினா. "எனக்குக் கல்லு வேண்டாம், ஃபிராவ் சிவா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் இனி எங்க வாறது?"

அப்பாவுக்காக நானும் அதே கேள்வியைத்தான் அந்தக் குளிர்காலம் முழுவதும் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வால்ட்டர் வந்து இறங்கினார். எங்கள் இருவரையும் பார்த்தார். நான் எழும்பி, "செடியை சேர்ச்சுக்கு எடுக்கிறம். நான்தான் அன்னமரியைக் கேட்டனான்" என்றேன். அவர் சபைத் தலைவர். அப்படி ஒன்று சபையில் கதைக்கவேயில்லை என்பது அவருக்குத் தெரியும். அன்னமரியின் கோட்டில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார், படலையடியில் நின்ற பெண்களைப் பார்த்தார், கடைசியாக மீண்டும் என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"ஓம். அது கதைச்சதுதான்" என்றார்.

அன்னமரி வளர்த்த பிள்ளைகளில் அவர் ஒருவர் என்பதை அப்போதுதான் நினைத்தேன்.

வேலைக்காரர் திரும்பி வந்து, பட்டி கட்டிக் கல்லைத் தூக்கி, உழவு இயந்திரத்தின் முன்னால் மண் அள்ளுகிற கரண்டியில் வைத்தார்கள். வால்ட்டர் ஏறி இருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு இறங்கி வந்தார். என்னிடம் கேட்கவில்லை. வேலைக்காரரிடமும் கேட்கவில்லை. படலை வரைக்கும் கேட்கிற குரலில், "அன்னமரி, இதை எங்க வைக்கிறது?" என்றார்.

பண்ணையின் முற்றத்துக்குப் போகவேண்டிய கல். அதை எங்கே வைப்பது என்று ஒரு குடும்பத்தலைவர், தன் வீட்டின் பழைய வேலைக்காரியிடம் கேட்கிறார். படலையடியில் நின்ற பெண்களில் மூத்தவ மற்றவவின் முழங்கையைத் தொட்டா. இருவரும் கடைப்பக்கம் நடந்தார்கள். அந்த ஊர்ச் சனத்தைப் பற்றி நான் குறையாகச் சொல்ல முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

தேவாலயச் சுவரோரம் எலுமிச்சை வாசம் வீசும் பூப் பூக்கிற ஒரு பெரிய மரம் நின்றது, அதன் கீழே இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு வாங்கு. அன்னமரி அதைக் காட்டினா. "அங்க, சுவரோட சாத்தி. எழுத்து உள்பக்கம் இருக்கட்டும்."

"சபைக்கு நான் சொல்லுறன்" என்றார் வால்ட்டர்.

அப்படியே வைத்தார்கள். பெயர் சுவரைப் பார்த்தபடி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கல். செடியை அதன் அடியில் நட்டோம். பின்னேரம் போதகர் வந்தபோது நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வெளியே போய் வாங்கில் உட்கார்ந்து பார்த்தா. "வாங்கின்ர ஒரு கால் ஆடுது, திருத்தவேணும்" என்றா.

அதற்குப் பிறகு அன்னமரி ஞாயிறு மத்தியானம் அந்த வாங்குக்கு வந்தா. தொடக்கத்தில் நான் கிட்டப் போகவில்லை. ஒரு நாள் அவவே கைகாட்டிக் கூப்பிட்டா. போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். இஞ்சி கூடிவிட்டது என்றா, ஆனால் குடித்தா. பிறகு அது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. மரம் பூத்து உதிர்ந்தது. நான் ஒருநாள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். போட்டிருந்த வேட்டியோடு நடந்து போனவர் என்று, எரித்த இடம் தெரியாது என்று. என்னுடைய ஜெர்மன் அதற்குப் போதாது, ஆனால் அவ இடையில் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டு முடிந்ததும், எர்ன்ஸ்டைப் புதைத்த நாளைப் பற்றிச் சொன்னா.

"நான் வேலைக்காரரோட பின்னுக்கு நிண்டனான். பெட்டியை இறக்கினவை. பிறகு மணி அடிச்சது, எல்லாரும் உள்ள போயிட்டினம். நான் கத்தோலிக்கம், போகேலாது. அப்ப அப்பிடித்தான். குழி வெட்டினவர் மண் போட வந்தவர். என்னைக் கண்டிட்டு, மண் அள்ளுற சவளைக் கீழ வைச்சிட்டு, மதிலுக்கு அங்கால போய் பைப் பத்த வைச்சார். உள்ள பாட்டுப் படிக்கினம். வெளியில நானும் எர்ன்ஸ்டும்." தேத்தண்ணி மூடியை வாங்கில் வைத்தா. "பகல் வெளிச்சத்தில நாங்கள் ரெண்டு பேரும் தனிய நிண்டது அந்த ஒருக்காத்தான்."

நான் அவவின் கையைப் பிடித்தேன். அந்த ஊரில் அப்படிப் பிடிப்பதில்லை. அவ கையை எடுக்கவில்லை.

"உங்கட அப்பாவோடயும் ஆரோ ஒருத்தர் நிண்டிருப்பினம்" என்றா. "எல்லாரும் போனாப் பிறகும் ஒரு ஆள் நிக்கும், ஃபிராவ் சிவா. எனக்குத் தெரியும்."

அன்றுதான் எனக்கு அழுகை வந்தது, யாழ்ப்பாணத்துச் சத்தத்தோடு. அவ பயப்படவில்லை. அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தா.

அன்னமரியும் போய்விட்டா, வால்ட்டரும் போய்விட்டார். நான் இப்போது நகரத்தில் மகளின் வீட்டுக்குக் கிட்ட இருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் வந்தால் இன்னும் கால் எங்கேயோ வெளிக்கிடப் பார்க்கும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். புதைத்து முடிந்து, மணி அடித்து, சனம் எல்லாம் உள்ளே போனதும் நீங்களும் அவர்களோடு அவசரப்பட்டுப் போகாதீர்கள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள். குழியடியில் ஒருவர் நிற்கலாம். உறவினர் வரிசையில் இல்லாதவராக இருக்கும், உங்களுக்கு யாரென்று தெரியாதவராக இருக்கும். யார் என்று கேட்க வேண்டாம். மண் போட வருகிறவரை மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.